ஒரு நூல்கூடத் தேயாத டயர்

மணக்குதுங்களா தம்பி? ரப்பருங்க. பெட்டியக் காலுக்கடியில வெச்சுக்கறன், இருங்க. முப்பது வருசமா ரப்பர்லயே நிக்கறவனுக்கு அந்த மணம் தெரியறதில்லை. பக்கத்துல உக்கார்றவிங்க மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறது. தாராபுரந்தானுங்களே? நானும் அங்கதான் போறன். ஒண்ணு விட்டு ஒரு ஞாயித்துக்கெழமை போறதுங்க. என்ற ஊட்டம்மா அங்க இருக்கறா. அவ தம்பியும் அங்கதான்.

உள்ள என்னன்னு பாக்கறீங்களா? டயருங்க. சிரிக்காதீங்க, நெசமாலும் டயருதான். ரிமோட்டுல ஓட்டற ஜீப்புக்குப் போடறது. பொம்மைன்னு சொன்னா என்ற மச்சினனுக்குப் புடிக்காது. ஒண்ணே காலடி நீளம் இருக்கும், அவ்வளவுதான். ஆனா அதை ரோட்டுல ஓட்டறதில்லீங்க. பாறை மேல ஏத்தறது. ஓடற ஓட்டத்துல ஒண்ணுமில்லை, வழுக்காம ஏறோணும், அதான் போட்டியே. இந்தாங்க, அமுக்கிப் பாருங்க. மெத்துனு இருக்குதுங்களா? முப்பத்தாறு பாயிண்ட்டு.

பாயிண்ட்டுன்னா ரப்பரோட கெட்டித்தனத்துக்கு அளவுங்க. இதா, மீட்டரு, சட்டைப் பையில வெச்சிருக்கறன் பாருங்க, பழைய காலத்துக் கடியாரமாட்ட. அடியில ஒரு ஊசி இருக்கும். ரப்பர் மேல வெச்சு அமுக்குனா முள்ளு நகந்து நம்பர் காட்டும். பள்ளிக்கூடத்து அழிரப்பரு ஒரு நாப்பது. செருப்பு அடி அறுவது. லாரி டயரு அறுவத்தஞ்சு, எழுவது. மெத்துனு இருந்தாப் புடிக்கும், ஆனா சீக்கிரம் தேஞ்சு போகும். கெட்டியா இருந்தாத் தேயாது, ஆனா வழுக்கும். புடிக்கவும் வேணும், தேயவும் கூடாதுன்னா அதுக்குத்தானுங்க நானு.

நானு கணபதிப் பக்கம் ஒரு மிக்ஸிங் மில்லுல இருக்கறன். ரப்பர் ஷீட்டை ரெண்டு உருளைக்கு நடுவால உட்டு, கரித்தூளு, எண்ணெய், கந்தகம் எல்லாம் போட்டுப் பெசையறது. எதுக்கு எவ்வளவுங்கற கணக்கு என்ற தலைக்குள்ள இருக்குது. பம்புக்கு வாசர், லாரிக்குப் புஷ்ஷு, பழைய டயருக்கு மேல ஒட்டற ரப்பரு, எது வேணுமின்னாலும் சென்னியப்பங்கிட்டக் கேளுன்னுதான் சொல்லுவாங்க. என்ற ரப்பரு தேஞ்சு போச்சுன்னு இந்த முப்பது வருசத்துல ஒருத்தன்கூடத் திருப்பிக் கொண்டாந்ததில்லீங்க. ஒருத்தன்.

மச்சினன் பேரு தண்டபாணி. என்ற ஊட்டம்மா கமலவேணிக்குப் பதிமூணு வயசு எளையவன். அவதான் தூக்கி வளத்துனது. கல்யாணம் தட்டிக்கிட்டே போச்சு, அப்பறம் அவனே வேண்டாமின்னுட்டான். பம்பு மோட்டார் மெக்கானிக்கு. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைன்னு தோட்டந் தோட்டமாப் பைக்குல சுத்துவான். வருசா வருசம் வெள்ளிங்கிரி மலை ஏறுவான், செருப்பில்லாம. அப்பேர்ப்பட்ட காலு.

மூணு வருசத்துக்கு முந்தி ஐப்பசியில, ஆனைமலை ரோட்டுல ஒரு வளைவு, மழை தூறிக்கிட்டிருந்திருக்குது. பைக்கு வழுக்கிப் பாலத்துச் செவுத்துல மோதிட்டான். முதுகுத்தண்டு போச்சுங்க. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்லை.

போலீஸ்காரங்க வேகம்னாங்க. ஆஸ்பத்திரியில மழைன்னாங்க. ஊர்ல கண்ணு பட்டுருச்சுன்னாங்க. பைக்கை ஸ்டேசன்ல இருந்து நாந்தான் எடுத்தாந்தன். பின் டயரு, நான் போட்டுக் குடுத்ததுங்க அது. பாவம், மாசத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடறவன், ஆறு மாசத்துக்கு ஒரு டயரு மாத்துவானேன்னு, என்ற கைக்கணக்குல ஒரு கலவை போட்டு, தெரிஞ்ச பட்டறையில பழைய டயருக்கு மேல ஒட்டிக் குடுத்தேன். மூணு வருசத்துக்குத் தொட வேண்டாம்னு சொல்லித்தான் குடுத்தேன். ஸ்டேசன் வாசல்லயே மீட்டரை வெச்சுப் பாத்தேன். எழுவத்திரெண்டு. நான் போட்டது எழுவது. வெயில்ல கெடந்து ரெண்டு ஏறியிருக்குது. அது எல்லா ரப்பருக்கும் ஏறும். மத்தபடி ரப்பர்ல ஒரு குத்தமும் இல்லீங்க. பதினோரு மாசம் ஓடியிருக்குது, ஒரு நூல்கூடத் தேயலை. நீங்க பாத்திருக்கோணும். புதுசாட்ட இருந்துச்சு.

எதுக்குச் சொல்ல வந்தேன்... ஆ, அப்பறம் அவன் எங்கூட்டுக்கே வந்துட்டான். முன்னறையில கட்டிலு, வீல்சேரு. வேணி அவனைக் கொழந்தையாட்டப் பாத்துக்கிட்டா. முதல் வருசம் அவன் பேசவே இல்லை. செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பான். நான் வேலைக்குப் போறப்பவும் வர்றப்பவும், "மாப்ள, சாப்டியா?"ம்பேன். "ஆச்சுங்க மச்சான்"ம்பான். அவ்வளவுதான் எங்க பேச்சு.

ரெண்டாவது வருசம், பல்லு வலின்னு ஒரு டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனோம். ஷெர்லின்னு பேரு. அந்தம்மா ரூம்பு அலமாரியில நாலு ஜீப்பு நின்னுச்சு. இவன் வாயத் தொறந்துக்கிட்டே அதையே பாத்துக்கிட்டிருந்திருக்கறான். மதுக்கரைப் பக்கம் ஒரு பழைய கல்லுக்குழியில, ஞாயித்துக்கெழமையானா பத்துப் பதினஞ்சு பேரு கூடி இதை ஓட்டறாங்களாம். அந்தம்மாதான் அவங்களுக்குத் தலைவி. "கை நல்லா இருக்குல்ல, வாங்க"ன்னுச்சு. அவ்வளவுதானுங்க. ஒரு மாசத்துல இவனும் பழைய ஜீப்பு ஒண்ணு வாங்கி, மோட்டாரைப் பிரிச்சு மறுபடி கம்பி சுத்தி... மோட்டாரு அவன்ற தொழிலாச்சே. ஊட்டுக்குள்ள சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. வேணி அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருப்பா.

ஒரு சிரமம் என்னன்னாங்க, மத்தவிங்க ஜீப்புக்குப் பின்னாலயே நடந்து போவாங்க. எந்தக் கல்லுல எந்தச் சக்கரம் நிக்குதுன்னு குனிஞ்சு பாப்பாங்க. இவன் குழி மேட்டுல வீல்சேர்ல உக்காந்து, அங்கிருந்தே ஓட்டோணும். வண்டி பொரண்டுருச்சுன்னா நாந்தான் எறங்கிப் போயி நிமித்தி வெப்பேன். ஒவ்வொரு தடவை நிமித்துனாலும் மார்க்கு போகும். அதனால இவனுக்கு மத்தவிங்களைக் காட்டிலும் டயரு எச்சாப் புடிக்கோணும். புரியுதுங்களா?

ஒரு நாளு அவனே கேட்டான். "மச்சான், நீங்க எனக்கு ஒரு டயரு போட்டுக் குடுங்களே." அவனா வாயத் தொறந்து எங்கிட்டக் கேட்டது அதுதான் மொதல்ல. எனக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க! சினேகிதன் ஒருத்தன்கிட்டச் சொல்லி அலுமினியத்துல அச்சு வெட்டி, பதினஞ்சு நாள்ல நாலு டயரு. அறுவது பாயிண்ட்டு. தேயவே தேயாது. குழியில எறக்குனான். மொதக் கல்லுலயே சர்ருனு எறங்கிருச்சு. டாக்டரம்மா சிரிச்சுருச்சு. இவனும் சிரிச்சுக்கிட்டே, "மச்சான், கல்லுதான் தேயும், உங்க டயரு தேயாது"ன்னான்.

சரின்னு அம்பத்தி நாலு போட்டேன். அப்பறம் அம்பது. கரியக் கொறைச்சு, சிலிக்கான்னு ஒரு வெள்ளைப் பொடி, அதைச் சேத்தேன். ஈரத்துல புடிக்கறதுக்கு அதுதான். ட்யூபு செய்யற ரப்பரை ஒரு பங்கு கலந்தேன். அது தரையில போட்டா எகிறாது, செத்தவனாட்டக் கெடக்கும். எகிறாத ரப்பருதானுங்க பாறையப் புடிக்கும். எகிறறதெல்லாம் உட்டுட்டு ஓடிரும். ஆனா அதையும் இதையும் சேத்தா லேசுல ஒட்டாது, பக்குவம் வேணும். நாலு மாசம், மில்லு வேலை முடிஞ்சு தெனமும் ஒரு மணி நேரம் அதுலயே நின்னேன். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு உருண்டை புடிச்சு, ஊட்டுக்குக் கொண்டாந்து, ரெண்டு பேருமா தரையில போட்டுப் போட்டுப் பாப்போம். எது கம்மியா எகிறுதுன்னு. நல்லா இருந்துச்சுங்க அந்த நாலு மாசம்.

ஆனா நாப்பத்தஞ்சுக்குக் கீழ என்ற கை எறங்க மாட்டீங்குது. மெத்துனாக்கறதுக்கு எண்ணெய் டப்பாவைத் தூக்குவேன், கை தானா நின்னுரும்.

அவன் சொல்லுவான், "முப்பத்தெட்டு போடுங்க மச்சான்."

"முப்பத்தெட்டுன்னா ரெண்டு மாசத்துல கட்டை கட்டையாப் பிச்சுக்கும் மாப்ள."

"பிச்சுக்கட்டுமுங்க."

"அப்பறம் அதுக்குப் பேரு டயராடா?"

வேணி அடுப்படியில இருந்து, "அவங் கேக்கறதைக் குடுங்களே. தேஞ்சாத் தேயுது"ன்னா. அவளுக்கென்ன தெரியும். தேஞ்சாத் தேயுதுங்கறவ ரப்பர்க்காரன் ஊட்டுல இருக்கறா பாருங்க.

ஆடி மாசம், ஒரு ஞாயித்துக்கெழமை சாயங்காலம். குழியில இருந்து வந்து, ஜீப்பைத் தொடச்சுக்கிட்டிருந்தோம். அவன் என்ற மீட்டரை வாங்கி, டயரு மேல வெச்சு வெச்சுப் பாத்துக்கிட்டிருந்தான். தலையத் தூக்காமயே கேட்டான்.

"மச்சான், என்ற பைக்குல இருந்தது எத்தனை பாயிண்ட்டுங்க?"

"எழுவது"ன்னேன்.

"ஓ. ஈரத்துல எப்படிங்க அது?"

வேணி அப்பத்தான் காப்பி கொண்டாந்தா. தட்டோட வாசல் நெலவுப்படியிலயே நின்னா. நான் வெளக்கமாச் சொன்னனுங்க. ஈரத்துல ரப்பருக்கும் ரோட்டுக்கும் நடுவால தண்ணி ஒரு படலமா நிக்கும், அதைக் கிழிச்சுக்கிட்டு ரப்பரு கீழ எறங்கோணும், கரி எச்சாப் போட்ட ரப்பருக்கு அது வராது, சிலிக்கா போட்டா வரும், ஆனா பைக்கு டயருக்குச் சிலிக்கா நம்ம பக்கம் பட்டறையில யாரும் போடறதில்லைன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். அரை மணி நேரம் இருக்கும். இவன் கேட்டுக்கிட்டே இருந்தான். என்னமோ எதிர்பாத்துக்கிட்டே இருந்தாப்ல இருந்துச்சு, இன்னும் வெவரம் வேணும்போலன்னு நான் கந்தகத்தைப் பத்தியும் சொன்னேன். நிமுந்து பாத்தா வேணி இல்லை. காப்பித் தட்டு நெலவுப்படியில இருக்குது. ஆறிப் போச்சு.

நல்லாத்தானுங்க வெளக்குனேன். ரெண்டு பேருக்கும் புரிஞ்சிருக்கும்.

ஐப்பசியில வருசப் போட்டி. பெங்களூர், சேலத்துல இருந்தெல்லாம் வந்திருந்தாங்க. இவன் அதுக்கு முந்துன வாரமே சொல்லிட்டான். "மச்சான், இந்த ஒரு மத்தியானம் புடிச்சாப் போதுமுங்க. அடுத்த நாளு குப்பையில போட்டாலும் சரி. முப்பத்தெட்டு." சரின்னுட்டேன். போட்டும் பாத்துட்டேன், முப்பத்தெட்டு. கண்ணை மூடிக்கிட்டு எண்ணெய ஊத்தி. பாறையில ஒட்டுனா பல்லியாட்ட ஒட்டுது. ஆனா மில்லுல, டயரு மேல முட்டிக்கிட்டிருக்கற ஒரு கட்டையக் குறடுல புடிச்சு இழுத்துப் பாத்தேன். பிஞ்சு வந்துருச்சுங்க கையோட. அத்தனை பேருக்கு முன்னால டயரு பிஞ்சு தொங்குனா அவனுக்குத்தானே அவமானம்? அதனால நாப்பத்தாறு ஒரு செட்டு போட்டேன். ரெண்டும் கறுப்புத்தான், பாத்தா வித்தியாசம் தெரியாது. அதை மாட்டிக் குடுத்தேன். "முப்பத்தெட்டுங்களா?"ன்னான். "ஆமா"ன்னேன்.

அவன் நல்லதுக்குத்தானுங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

அன்னைக்குக் காத்தால இருந்தே தூறலு. கல்லெல்லாம் நனைஞ்சு பளபளன்னு இருந்துச்சு. இவன் ஒம்பது கேட்டைத் தாண்டிட்டான். ரெண்டு ரெண்டு குச்சி நட்டு வெச்சிருப்பாங்க, அதுக்கு நடுவால போகோணும், அதைத்தான் கேட்டும்பாங்க. ஒரு தடவைகூட நான் எறங்கலை. வேணி அன்னைக்கு மொத மொதலா வந்திருந்தா, கொடை புடிச்சு அவன் பக்கத்துல நின்னா. கடைசிக் கேட்டு ஒரு சாஞ்ச பாறை. வண்டி பாதி ஏறுச்சு. நின்னுச்சு. சக்கரம் சுத்துது, வண்டி நகர மாட்டீங்குது. அப்பறம் மெல்ல, நெம்ப மெல்ல, பின்னால வழுக்குச்சுங்க. ஒரு அவசரமும் இல்லாம, எல்லாரும் பாத்துக்கிட்டிருக்க. கீழ பள்ளத்துல தண்ணி கெடந்துச்சு, அதுக்குள்ள போயிப் பொரண்டுருச்சு.

எறங்கிப் போயி எடுத்தாந்து அவன் மடியில வெச்சேன். "மீட்டரைக் குடுங்க மச்சான்"ன்னான். குடுத்தேன். குடுக்காம இருக்க முடியுமுங்களா? ஈரத்தைத் தொடச்சுட்டு வெச்சுப் பாத்தான்.

"நாப்பத்தாறு"ன்னான். சத்தமா இல்லை.

நான் சக்கரத்துல ஒட்டியிருந்த சேத்தை வழிச்சேன்.

"ஈரத்துல வழுக்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா மச்சான்?"

என்னங்க கேள்வி அது? முப்பது வருசமா அதுதானே தொழிலு. எனக்குத் தெரியாமயா? "தெரியும்"னேன்.

அவன் என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தான். கோவம் இல்லீங்க. கோவம் இருந்திருந்தாத் தேவலை. வேணி கையில கொடை இருக்குது, ஆனா சாஞ்சு போச்சு, அவன் நனையறான். அவ கவனிக்கலை. டாக்டரம்மா வந்து, "ஒம்பது கேட்டு பெரிய விசயம், அடுத்த வருசம் பாத்துக்கலாம்"னுச்சு.

அடுத்த நாளு வேணி அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தா. என்னைப் பாக்காமக் கேட்டா.

"தெரியும்னு சொன்னீங்களே."

"ஆமா, எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னைக்கும் தெரியுமுங்களா?"

"எந்த அன்னைக்கு?"ன்னேன்.

அவ களைஞ்ச அரிசியவே மறுக்கா மறுக்காக் களைஞ்சா. தண்ணி தெளிஞ்சு போச்சு, அப்பவும் களைஞ்சா.

அந்த வாரமே கெளம்பிட்டாங்க. தாராபுரத்துல அவங்கப்பா கட்டின ஊடு பூட்டிக் கெடந்துச்சு. தம்பி அங்க மோட்டாருக்குக் கம்பி சுத்தற கடை போடறான், உக்காந்தே பாக்கற வேலைதானே, ஒரு மாசம் கூட இருந்து பாத்துட்டு வாறேன்னா. ஏழு மாசமாச்சுங்க. சண்டையில்லை. ஒரு வார்த்தை தப்பாப் பேசலை. போனா வாங்கம்பா, எலை போடுவா, கறி எடுத்துச் சமைப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவளே சொல்லுவா. அவனும் அப்படித்தான். நான் கொண்டு போற டயரை ரெண்டு கையிலயும் வாங்கிக்குவான். "நல்லா இருக்குதுங்க மச்சான்"ம்பான். அலமாரியில அடுக்கி வெச்சிருக்கறான். நாப்பத்தி ரெண்டு, நாப்பது, முப்பத்தெட்டு, எல்லாம் இருக்குது. அச்சுல இருந்து வந்த பளபளப்பு அப்படியே இருக்குது. அவன் ஓட்டறதெல்லாம் கடையில வாங்குன டயரு. அது தேஞ்சு, ஓரமெல்லாம் பிஞ்சு கெடக்குது, அதைத்தான் மாட்டியிருக்கறான். அங்கயும் ஒரு கும்பல் சேந்திருக்குது, அமராவதி ஆத்துப் பாறையில ஓட்டறாங்க. "இதையப் போட்டுப் பாருடா"ன்னா, "போடறனுங்க"ம்பான். போட மாட்டான்.

முப்பத்தாறு எறங்கிட்டேன் தம்பி. என்ற சென்மத்துல முப்பத்தாறு நான் போட்டதில்லை. இன்னும் என்ன பண்ணோணும்ங்கறீங்க?

போன தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வேணி வந்தா. எப்பவும் வர மாட்டா. நான் கேட்டுப்புட்டேன். "உனக்கு என்னதான் வேணும், சொல்லிப்போடு. ஊட்டை விக்கோணுமா, வேலைய உட்டுட்டு இங்கயே வந்துரோணுமா, சொல்லு. செய்யறேன்." அவ ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தா. அப்பறம், "ஒரு வார்த்தைங்க. அவங்கிட்ட. மூணு வருசமா உக்காந்திருக்கறான், அந்த ஒரு வார்த்தைக்கு"ன்னா. எந்த வார்த்தைன்னு கேக்கறதுக்குள்ள பஸ் வந்துருச்சு. ஏறிட்டேன். ஜன்னல்ல இருந்து கேட்டேன், அவ கையை மட்டும் ஆட்டுனா.

பதினஞ்சு நாளா யோசிக்கறனுங்க. மில்லுல நின்னாலும் அதே நெனப்பு. ஒரு கலவையில கந்தகம் போட மறந்து, மொத்தமும் வீணாப் போச்சு. முப்பது வருசத்துல அப்படி ஆனதே இல்லை.

சில சமயம் தொண்டை வரைக்கும் ஏதோ ஒண்ணு வருதுங்க. வந்து நிக்கும். வாயத் தொறந்தா, இத்தனை பாயிண்ட்டு, இத்தனை பங்கு எண்ணெய்னுதான் வருது.

நீங்க படிச்சவிங்களாட்ட இருக்கறீங்க. இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டும் வந்தீங்க. நானும் ரெண்டு மூணு நெனச்சு வெச்சிருக்கறன். "சௌக்கியமா மாப்ள"ன்னு கேக்கறது. அது போன தடவையே கேட்டாச்சு. "எல்லாம் விதி"ன்னு சொல்றது. அதைச் சொன்னா வேணிக்குக் கோவம் வரும்போலத் தெரியுது. "ஊட்டுக்கு வந்துருங்க ரெண்டு பேரும்"ங்கறது. அதுவா இருக்குமுங்களா தம்பி? அது மூணு வார்த்தைக்கு மேல ஆகுதே. அவ ஒண்ணுன்னுதானுங்க சொன்னா.